அண்ணனுக்குக் காப்புறுதி உண்டு, மூன்று வயதுத் தங்கைக்கு இல்லை

முகத்துவாரம் ஆசிரியை
திங்கள், இரவு 9.40

வடகொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையனுக்கு முட்டு வருத்தம். மழை தொடங்கிவிட்டால் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்கிறார். லொறி வந்தால் கூலி, வராவிட்டால் வெறுங்கை. ஓர் அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் ஐந்து பேர்.

போன வெள்ளிக்கிழமை பாடசாலை விடுகிற நேரம் தாய் வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் கிளினிக் கொப்பி, இரண்டு மருந்துத் துண்டுகள், நாலாக மடித்த ஒரு பற்றுச்சீட்டு. "டீச்சர், இதற்கு சுரக்ஷாவில் காசு கிடைக்குமா?" என்று கேட்டார். விரித்துப் பார்த்தேன். அதில் இருந்தது மகனுடைய பெயர் இல்லை. மூன்று வயது மகளுடைய பெயர்.

சின்னவளுக்கு அடிக்கடி காய்ச்சல், சிறுநீர்த் தொற்று. அரச ஆஸ்பத்திரி ஒன்றில் ஐந்து நாள் வார்ட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஊசி, மருந்து, சாப்பாடு எதற்கும் ஒரு சதம் கேட்கவில்லை. ஒரு பரிசோதனையை மட்டும் வெளியில் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். 7,500 ரூபாய். அந்தத் தாயின் காதில் தோடு இல்லை, துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குத் துண்டு செருகியிருந்தார்.

சுரக்ஷா பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2017இல் அரசாங்கம் தொடங்கிய மாணவர் காப்புறுதித் திட்டம் அது. பெற்றோர் எதுவும் கட்டத் தேவையில்லை, கட்டுப்பணம் முழுவதும் அரசுடையது. தொடங்கியபோது ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்புறுதி என்றார்கள். வார்ட்டில் தங்காமல் செய்யும் சிகிச்சைக்கு 10,000 ரூபாய் வரை. வறிய குடும்பத்தில் தாயோ தகப்பனோ இறந்தால் பிள்ளைக்கு 75,000 ரூபாய். 2022 இறுதியில் நின்றுபோய், 2024இல் மறுபடி தொடங்கியது. பாடசாலைப் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைக்கு மட்டும்தான்.

ஆகவே நான் அந்தத் தாயிடம், "மகனுக்கு என்றால் கேட்கலாம், மகளுக்குக் கேட்க முடியாது" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அவள் பள்ளிக்கூடம் போக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே டீச்சர்" என்றார். ஒரே பாயில் படுக்கிற இரண்டு பிள்ளைகள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. காய்ச்சலும் சளியும் வயிற்றோட்டமும் ஒரு பிள்ளையை வாட்டி எடுக்கிற வயது முதல் ஐந்து வயது. அந்த ஐந்து வயதைத்தான் நாம் வெளியே விட்டிருக்கிறோம்.

இந்தக் குடும்பத்துக்கு இப்போது என்ன செய்யலாம்? இந்த ஓட்டையை அடைக்க யாரிடம், எப்படிக் கேட்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடை வெள்ளவத்தை
திங்கள், இரவு 10.25

டீச்சர், பெரிய விடயத்தை மற்றவர்கள் பேசட்டும். நான் பற்றுச்சீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் காசு தவறிப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

எங்கள் கடைகளில் கொடுக்கும் பில் சூட்டில் அச்சாகும் தாள். மை கிடையாது. சட்டைப் பையில் வியர்வை பட்டால், அடுப்படி இறாக்கையில் வைத்தால், இரண்டு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். அதை வைத்து யாரும் காசு தரமாட்டார்கள். வாங்கிய அன்றே ஒரு போட்டோக் கொப்பி எடுத்து, மூலத்தோடு சேர்த்து ஊசி குத்தி வையுங்கள். கையால் எழுதிய பில் வேண்டும் என்று கேட்டாலும் தருவோம். பில்லில் பிள்ளையின் முழுப்பெயர், திகதி, கடை முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். மருந்துத் துண்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், அதையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. வெளியில் மருந்து எழுதிக் கொடுத்தால் முதலில் லிப்டன் சுற்றுவட்டத்தில் உள்ள அரச மருந்துக்கடையான ஒசுசலவுக்குப் போங்கள். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்து, பேராசிரியர் சேனக பிபிலே அதன் தலைவராக இருந்தபோது, மருந்தை வணிகப் பெயரில் கேட்காமல் மருந்தின் பெயரிலேயே மலிவாக வாங்கி விற்கும் வழியை இந்த நாட்டுக்குக் காட்டினார். 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தார்கள். அதற்குப் பிறகும் ஒரே மருந்துக்குக் கடைக்குக் கடை, வணிகப் பெயருக்குப் பெயர் விலை வேறு. "இதே மருந்தில் மலிவானது இருக்கிறதா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நான் மருந்துக்கடைக்காரன், எனக்கு இலாபம் குறையும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

புளூமெண்டல் அம்மா
செவ்வாய், காலை 6.10

தம்பி சொன்னது எனக்கு நடந்தது. இரண்டாவது மகனுக்குக் கை முறிந்து வெளியில் படம் எடுத்தோம், மருந்து வாங்கினோம். பில்லைச் சாமித் தட்டுக்குக் கீழே பத்திரமாக வைத்தேன். விளக்குச் சூடோ என்னவோ, படிவம் கிடைத்து எடுத்துப் பார்க்கிறபோது கடையின் பெயர் மட்டும்தான் தெரிந்தது.

படிவம் கிடைக்கவே ஆறு வாரம் ஆனது. பாடசாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே என் பிள்ளை இன்னும் படிக்கிறான். முதலில் அந்தப் பொறுப்பு யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. பிறகு படிவம் தீர்ந்துவிட்டது என்றார்கள். தந்த படிவம் சிங்களத்தில் இருந்தது. கீழ்வீட்டுச் சிங்கள அக்காதான் நிரப்பித் தந்தார், அவருக்குப் புண்ணியம். டயக்னோசிஸ் கார்ட்டில் வைத்தியர் எழுதியதை அவராலும் வாசிக்க முடியவில்லை. கடைசியில் காலக்கெடு தாண்டிவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

டீச்சர், எங்களைப் போன்றவர்கள் முதலில் கடன் வாங்கித்தான் செலவு செய்கிறோம். பிறகு காசு வரும் என்று சொன்னால், அந்தப் "பிறகு" வரைக்கும் வட்டியை யார் கட்டுவது? எனக்கு அந்த 4,000 ரூபாய் வராததை விட, ஆறு தரம் வேலைக்குப் போகாமல் பாடசாலை வாசலில் நின்றதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது.

கிராண்ட்பாஸ் கணக்கர்
செவ்வாய், காலை 8.50

டீச்சர், அந்தத் தாயின் நிலை எனக்கும் வலிக்கிறது. இருந்தாலும் நீங்கள் கேட்கும் தீர்வு பிழை என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

2017 வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கியது 270 கோடி ரூபாய். மாணவர் தொகை ஏறத்தாழ 45 இலட்சம். வகுத்துப் பார்த்தால் பிள்ளைக்கு ஆண்டுக்கு 600 ரூபாய். இந்தக் காசு யாரிடம் போய்ச் சேர்கிறது? பற்றுச்சீட்டு வைத்திருப்பவரிடம். பெரிய பற்றுச்சீட்டு யாரிடம் இருக்கும்? பிள்ளையைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்க வசதி உள்ளவரிடம். அரச வார்ட்டில் கிடந்த பிள்ளைக்குப் பில்லே கிடையாது, தங்கிய நாளுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகைதான். அதையும் கேட்டு வாங்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? எல்லாப் பிள்ளைக்கும் சமம் என்று எழுதிவிட்டு, நடைமுறையில் கறுவாத்தோட்டத்துப் பிள்ளைக்குக் கூடவும் புளூமெண்டல் பிள்ளைக்குக் குறையவும் கொடுக்கிற ஏற்பாடு இது.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு காப்புறுதி இருக்கிறது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணத்தை நீக்கினார்கள். அதுதான் நம் காப்புறுதி. பொரளையில் 1895ஆம் ஆண்டு முதல் நிற்கிற லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். அடையாள அட்டையோ வருமானச் சான்றிதழோ கேட்டுத் திருப்பி அனுப்பமாட்டார்கள். உலகத்தில் எத்தனை நாட்டில் இது நடக்கும்? அப்படியிருந்தும் இந்த நாட்டின் மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் சொந்தப் பையிலிருந்து போகிறது. ஆய்வுகூடத்துக்கு, மருந்துக்கடைக்கு, மாலை நேரத் தனியார் கிளினிக்குக்கு. அந்த 270 கோடியை அரச ஆய்வுகூடங்களில் போட்டிருந்தால் அந்தத் தாயின் தோடு காதில் இருந்திருக்கும்.

முகத்துவாரம் ஆசிரியை
செவ்வாய், பகல் 1.35

கணக்கர் அண்ணா, நீங்கள் எழுதியதை இடைவேளையில் இரண்டு தரம் வாசித்தேன். பற்றுச்சீட்டு உள்ளவருக்கே பணம் என்ற கணக்கு இதுவரை என் தலையில் ஏறவில்லை, உண்மை. ஆனால் ஆய்வுகூடம் நிரம்பும் வரை அந்தப் பிள்ளை காத்திருக்க முடியுமா? அடுத்த பரிசோதனைக்கு இந்த மாத இறுதியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அடகு வைக்க இனி வீட்டில் எதுவும் இல்லை.

வெள்ளவத்தை அன்ரி
செவ்வாய், மாலை 4.20

என் தங்கை நியூ ஜேர்சியில் இருக்கிறாள். அவள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், நமக்கு உதவுமா என்று நீங்களே பாருங்கள்.

அமெரிக்காவில் இங்கே போல எல்லோருக்கும் இலவசமான அரச ஆஸ்பத்திரி கிடையாது. மிகவும் வறியவர்களுக்கு 1965 முதல் மெடிக்கெய்ட் என்று ஓர் அரச உதவி உண்டு. தங்கையின் கணவர் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த காலம், அதற்கு உரிய வரம்பை விடச் சம்பளம் கொஞ்சம் கூட. சொந்தமாகக் காப்புறுதி வாங்கவோ சம்பளம் போதாது. இப்படி இரண்டுக்கும் நடுவில் விழுகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவே 1997இல் ஒரு சிறுவர் காப்புறுதித் திட்டம் கொண்டுவந்தார்கள். எட்வர்ட் கென்னடி ஒரு கட்சி, ஓரின் ஹட்ச் எதிர்க்கட்சி, இருவரும் சேர்ந்து நின்றார்கள். சிகரெட் வரியைக் கூட்டி அதிலிருந்து காசு எடுத்தார்கள். பிறந்த நாளிலிருந்து 19 வயது வரை. தங்கையின் மகளுக்கு நாற்பது நாள் ஆவதற்கு முன்பே அட்டை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினால் போதும், பில்லை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

அதிலும் ஒரு பயம் இருந்தது. 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி அந்தத் திட்டத்துக்கான நிதி அனுமதி முடிந்தது. நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. சில மாநிலங்கள் காப்புறுதி நின்றுவிடக்கூடும் என்று பெற்றோருக்குக் கடிதமே அனுப்பிவிட்டன. தங்கை அந்த மார்கழி முழுவதும் நித்திரை கொள்ளவில்லை. 2018 ஜனவரியில்தான் நீடித்தார்கள். இங்கே சுரக்ஷா நின்றபோது யாராவது நமக்குக் கடிதம் போட்டார்களா? கையில் படிவத்தோடு போனவர்களுக்கு "இப்போது இல்லை" என்ற பதில்தான்.

இன்னொரு நல்ல காரியம் செய்தார்கள். 2024 ஜனவரி முதல், ஒரு பிள்ளைக்கு ஒருமுறை காப்புறுதி கிடைத்தால் இடையில் தகப்பனின் சம்பளம் கூடினாலும் 12 மாதத்துக்கு அதை நிறுத்த முடியாது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தவன்
செவ்வாய், இரவு 7.45

நான் தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்து இங்கே திரும்பியவன். இப்போது மட்டக்குளியில் இருக்கிறேன். அங்கே இதைக் காப்பீடு என்பார்கள், இங்கே காப்புறுதி.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. குடும்பத்துக்கே ஓர் அட்டை. பள்ளிக்குப் போகிற பிள்ளை, போகாத பிள்ளை என்ற பிரிவு கிடையாது. வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 இந்திய ரூபாயாக இருந்து இப்போது 1,20,000 ஆகியிருக்கிறது. முகாமில் இருந்த எங்களுக்கு அந்த வரம்புகூட இல்லை, முகாம் பதிவே போதும். என் அக்காவின் மகனுக்கு நாலு வயதில் இருதயத்தில் அறுவை சிகிச்சை அந்த அட்டையில்தான் நடந்தது. கையிலிருந்து போனது பஸ் காசும் சாப்பாட்டுக் காசும். நாடற்றவர்களாக இருந்த இடத்தில் கிடைத்தது சொந்த ஊரில் இந்தச் சின்னப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று வாசித்தபோது மனம் கனத்தது.

குறையையும் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் அந்த அட்டை. காய்ச்சலுக்கு மருந்து வாங்க உதவாது. அதற்கு அரசு ஆஸ்பத்திரி வரிசைதான்.

சிறுவர் வார்ட் தாதி
புதன், அதிகாலை 2.15

இரவு வேலை. பிள்ளைகள் உறங்குகிறார்கள், இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது. ஓர் அரச ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், எது என்று சொல்லவில்லை.

வெளியில் பரிசோதனை எழுதுவது எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன். இயந்திரம் இருக்கும், அதில் ஊற்றுகிற இரசாயனம் தீர்ந்திருக்கும். இரசாயனம் இருக்கும், இயந்திரம் பழுதாகி ஆள் வரும் வரை மூடிக் கிடக்கும். இரண்டும் இருக்கும், ஆனால் திகதி மூன்று மாதம் தள்ளிக் கிடைக்கும். வைத்தியருக்கோ நாளைக்கே முடிவு வேண்டும். நம் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு வந்த மாதங்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கைக்குழந்தையின் நரம்பில் ஏற்றுவது மஞ்சள் நிறக் கனுலா, மருந்து ஏற்றுகிற மிக மெல்லிய ஊசிக் குழாய். வேலைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் எண்ணுவோம். ஒரு நாள் மூன்று இருந்தது, வார்ட்டில் பதினொரு பிள்ளைகள். முதல் குத்தில் நரம்பு கிடைக்க வேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டு ஏற்றினோம்.

கணக்கர் அண்ணா சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆஸ்பத்திரிக்குள் எல்லாம் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் எல்லாம் இருந்த காலத்திலும் தாய்மாருக்குச் செலவு இருந்தது. பிள்ளையோடு தாய் வார்ட்டில் நிற்பார். வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கத் தகப்பன் வேலைக்குப் போகமாட்டார். ஹெட்டியாவத்தையிலிருந்து 176 பஸ்ஸில் ஐந்து நாள் சாப்பாடு கொண்டுவந்து போகிற பாட்டியை எனக்குத் தெரியும். அந்தச் செலவுக்கு எந்த ஆய்வுகூடமும் பதில் சொல்லாது. வார்ட்டில் தங்கும் நாளுக்கு ஒரு தொகை என்பது அதற்குத்தான் உதவும், அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

டீச்சர், அந்தத் தாய்க்கு உடனே இதைச் சொல்லுங்கள். வெளியில் செய்ய வசதி இல்லை என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால், பல பரிசோதனைகளுக்கு இன்னோர் அரச ஆஸ்பத்திரிக்கோ பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கோ எழுதி அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் நம் தாய்மார் சொல்வதில்லை. வைத்தியர் சிங்களத்தில் விளக்குவார், இவர்கள் "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று தலையை ஆட்டிவிட்டுத் துண்டை வாங்கிக்கொண்டு போய் அடகுக் கடையில் நிற்பார்கள். எனக்குத் தெரிந்தால் நான் மொழிபெயர்ப்பேன். எல்லா நேரமும் தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதில்லை. சிங்களத்தில் இரண்டு வரி எழுதித் தருகிறேன், தாளில் எழுதிக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

முட்டு வருத்தம் உள்ள அண்ணனுக்கும் ஒன்று. மருந்தை உறிஞ்ச வைக்கிற ஸ்பேசர் குழாய் வாங்க வசதி இல்லை என்றால், அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டுச் செய்யலாம். கிளினிக்கில் கேட்டால் அளவு பார்த்துச் செய்து காட்டுவார்கள். அவர்கள் காட்டிய பிறகு செய்யச் சொல்லுங்கள்.

கிராண்ட்பாஸ் கணக்கர்
புதன், காலை 9.05

தங்கச்சி, பாட்டியின் பஸ் காசை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் இரவு யோசித்த ஒன்றைச் சொல்கிறேன். தாய் காசு கட்டி, பில் எடுத்து, படிவம் நிரப்பி, காத்திருந்து வாங்குவது என்ற வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். வார்ட்டில் வைத்தியர் "வெளியில் செய்க" என்று எழுதும் அதே துண்டில் ஆஸ்பத்திரி முத்திரை குத்தட்டும். அந்தத் துண்டை ஏற்கிற ஆய்வுகூடம் காசைத் திட்டத்திடம் நேரே வாங்கிக்கொள்ளட்டும். தாயின் கைக்குக் காசும் வேண்டாம், பில்லும் வேண்டாம். அரச வார்ட்டில் இருந்து வரும் துண்டுக்கு மட்டும் என்று வைத்தால், காசு தனியார் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒழுகாது. எந்தப் பரிசோதனைக்கு எத்தனை துண்டு போகிறது என்று அமைச்சுக்கும் தெரியும். அதிகமாகப் போகிற இடத்தில் இயந்திரத்தை வாங்கிப் போட்டால், அடுத்த ஆண்டு துண்டு குறையும்.

வறியவர்களுக்கு மட்டும் என்று பிரிக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

கொட்டாஞ்சேனை அண்ணன்
புதன், மாலை 6.30

பிரிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். நான் பன்னிரண்டு வருடமாக இந்தப் பகுதியில் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன்.

2023இல் வறிய குடும்பங்களுக்கான சமுர்த்தி உதவிக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது வீட்டை 22 சுட்டிகளால் அளந்து நாலு வகையாகப் பிரித்தார்கள். மாதம் 2,500 ரூபாயில் தொடங்கி 15,000 வரை. பெயர் வராதவர்களின் முறையீடுகள் மலையாகக் குவிந்தன. கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் சேரி வீடுகளை இடித்து அடுக்குமாடிக்கு மாற்றிய குடும்பங்களை எடுங்கள். சீமெந்துச் சுவர், மின்சாரம், குழாய்த் தண்ணீர், எல்லாம் இருக்கிறது. அளக்கிறவர் கண்ணுக்கு வசதியான வீடு. உள்ளே அன்றாடம் காய்ச்சிக் குடிக்கிற குடும்பம். பிள்ளையின் காப்புறுதியையும் இந்தப் பட்டியலில் கட்டினால், பட்டியலில் விடுபட்ட வீட்டுப் பிள்ளைதான் முதலில் விடுபடும். கணக்கர் சொன்ன துண்டு முறைக்கு அந்தப் பட்டியலே தேவையில்லை. அரச வார்ட்டின் வரிசையில் ஐந்து மணிக்கு வந்து நிற்பதே போதுமான சான்று.

பாடசாலைப் பதிவேட்டுக்கு வெளியே நிற்பது சின்னவர்கள் மட்டும் இல்லை. மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாமல் இருக்கும் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்போடு நின்று கடைக்குப் போகிற பையன்கள், இவர்களுக்கும் இல்லை.

அதனால் பதிவேட்டை மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம். பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயின் கையில் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருக்கிறது, நிறை வளர்ச்சியும் தடுப்பூசியும் குறிக்கிற புத்தகம். பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். அரிசி வாளிக்குள் வைத்தாவது அதைக் காப்பாற்றாத தாயை நான் இதுவரை பார்க்கவில்லை. பகுதி மிஸியின், அதாவது குடும்பநல மருத்துவிச்சியின் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறது. அந்த இலக்கத்தோடு காப்புறுதியை இணைத்தால் பிறந்த அன்றே தொடங்கிவிடும். புதிதாக யாரையும் எண்ண வேண்டியதில்லை.

சின்னவளின் வருத்தம் பெரிதாகி, சத்திர சிகிச்சை என்று வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு அதற்குக் கோட்டைக்குப் போய் அலைய வேண்டும். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். அந்தப் படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன். தாயை எந்த மாலையும் அனுப்புங்கள், காசு எதுவும் வேண்டாம்.

முகத்துவாரம் ஆசிரியை
வெள்ளி, இரவு 8.15

எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தாதி அக்கா அனுப்பிய இரண்டு வரியை அட்டையில் பெரிதாக எழுதிக் கொப்பியில் ஒட்டிக் கொடுத்தேன். நேற்றுக் காலை தாய் கிளினிக்குக்குப் போனார். இளம் வைத்தியர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, "இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாராம். இரண்டாவது பரிசோதனைக்கு இன்னோர் அரச ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை திகதி. காசு கிடையாது. முதல் பரிசோதனையின் 7,500 போனது போனதுதான், தோடும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

என் வகுப்பில் ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை பில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அங்கேயே போட்டோக் கொப்பி எடுத்து, படிவமும் நிரப்பி, அதிபரிடம் சேர்ப்பேன். பக்கத்து வகுப்பு டீச்சரும் சேர்ந்துகொண்டார். புளூமெண்டல் அக்கா, உங்களுக்கு நடந்தது என் வகுப்பில் யாருக்கும் நடக்கவிடமாட்டேன்.

இனிப் பெரிய வேலை. கல்வி அமைச்சுக்கும் சுகாதார அமைச்சுக்கும் ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்று கோரிக்கைகள். வளர்ச்சிப் புத்தகம் உள்ள எந்தப் பிள்ளைக்கும் பிறந்த நாளிலிருந்து காப்புறுதி. அரச வார்ட்டில் எழுதிய துண்டுக்குத் தாய் காசு கட்டாமல் திட்டமே நேரே கட்டுவது. ஒப்பந்தம் முடிந்தால் புதியது வரும் வரை பழையது ஒரு நாளும் நிற்காமல் தொடர்வது. முதல் வசனத்தை அந்தத் தாய் என்னிடம் சொன்னதிலிருந்து எடுத்திருக்கிறேன்: "அவள் பள்ளிக்கூடம் போக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது."

தமிழில் முடித்துவிடுவேன். சிங்களத்திலும் அதே கனத்தோடு போக வேண்டும், என் சிங்களம் அதற்குப் போதாது. யாராவது உதவுவீர்களா?

புளூமெண்டல் அம்மா
வெள்ளி, இரவு 8.50

கீழ்வீட்டு அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். இப்போதுதான் போய்க் கேட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் டீச்சர், அவளும் இருப்பாள். அந்தத் தாயையும் கூட்டிவாருங்கள், முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.